நாற்பதில் நிற்கும் எலும்புகள்

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் உள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறையில் 1729க்கும் 1852க்கும் இடையே அடக்கம் செய்யப்பட்டவர்களை 1984 முதல் 1986 வரை வெளியே எடுத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். பட்டுத் தொழிலில் இருந்தவர்கள், வணிகர்கள், அவர்கள் வீட்டார். முந்நூற்றெண்பதுக்கும் மேற்பட்டவர்களின் சவப்பெட்டிகளில் பெயரும் இறந்த நாளும் வயதும் பொறித்த தகடு கிடைத்தது. எலும்பைப் பார்த்து இறந்த வயதைச் சொல்லும் வித்தைக்கு இதைவிடக் கறாரான பரீட்சை வாய்க்காது. தகட்டைக் காட்டாமல் எலும்பை மட்டும் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள்.

தெயா மாலெசனும் மார்கரெட் காக்ஸும் 1993இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்தவர்களில் உண்மை வயதுக்கு ஐந்தாண்டு முன்பின்னாகக் கணிக்கப்பட்டவர்கள் 30 சதவீதம்கூடத் தேறவில்லை. பத்தாண்டு வரை விட்டுக்கொடுத்தால்தான் பாதிப் பேர் தேறினார்கள். பிழையும் கண்டபடி சிதறவில்லை. நாற்பதுக்குள் இறந்தவர்களுக்கு வயது கூட்டிச் சொல்லப்பட்டது. எழுபது தாண்டியவர்களுக்குக் குறைத்துச் சொல்லப்பட்டது. இரு பக்கமும் நடுவயதை நோக்கியே இழுபட்டன. ‘அந்தக் காலத்தில் யாரும் நாற்பத்தைந்து தாண்டவில்லை’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதைப் படித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

இதைக் காட்டி மொத்தத் துறையையும் ஒதுக்கிவிடுவதும் நியாயமில்லை. குழந்தைகளின் எலும்புக்கூட்டில் இந்தக் கணிப்பு நன்றாகவே வேலை செய்கிறது. தாடைக்குள் பல்லின் தலைப்பகுதி முதலில் உருவாகும். பிறகு வேர் இறங்கும். வேர்நுனி கடைசியில் மூடும். பட்டினியில் பிள்ளையின் வளர்த்தி குன்றும், ஆனால் பல் உருவாகும் வேகம் அவ்வளவாகக் குன்றாது. அதனால் சிறு குழந்தையின் வயதை ஓராண்டு முன்பின்னாகச் சொல்ல முடிகிறது. பதின்வயதில் கை கால் எலும்புகளின் முனைகள் ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, முப்பதை நெருங்கும்போது, காறையெலும்பின் நெஞ்சுப்பக்க முனை முழுதாக ஒட்டி முடியும். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து மெக்கெர்னும் ஸ்டூவர்ட்டும் 1957இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு அடிக்கல். இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் ஒட்டும் பருவம் அதில் தெளிவாகப் பதிவானது.

இத்தனை வலுவான இடத்திலும் அடக்கம் தேவைப்படுகிறது. 1982இல் ஜம்மு காஷ்மீரிலிருந்து வந்த ஒரு வழக்கில், எக்ஸ்ரே வைத்துச் சொல்லும் வயது இரு பக்கமும் இரண்டாண்டு பிசகலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உயிரோடிருக்கும் இளையவர்களுக்குச் சொன்னது.

வளர்ச்சி நின்றபின் கணக்கு மாறுகிறது. அதுவரை உடல் ஒரு கால அட்டவணையைப் பின்பற்றியது; இனி மிஞ்சுவது தேய்மானம். உழைப்பு, பிரசவம், நோய், சாப்பாடு என்று அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ப அது நடக்கும். அதில் ஓரளவு நம்பிக்கைக்கு உரியதாகக் கருதப்படுவது இடுப்பெலும்பின் முன்புறத்தில் இடமும் வலமும் சந்திக்கும் முகப்பு. இருபது வயதில் அது உழுத வயல்போல வரப்பும் சாலுமாக இருக்கும். பிறகு சால்கள் தூர்ந்து முகப்பு சமனாகும். சுற்றிலும் ஒரு விளிம்பு எழும்பும். முதுமையில் விளிம்பு சிதைந்து பரப்பில் குழிகள் விழும். கிளீவ்லாந்தில் டி. விங்கேட் டாட் 1920இல் இதைப் பத்துப் படிகளாகப் பிரித்தார். லாஸ் ஏஞ்சலிஸ் பிணவறையில் சேர்த்த எலும்புகளைக் கொண்டு ஜூடி சூச்சியும் ஷீலா புரூக்ஸும் அதை ஆறாகச் சுருக்கிய முறை 1990இலிருந்து உலகெங்கும் புழங்குகிறது.

அந்த ஆறாம் படியைப் பாருங்கள். ஆண்களுக்குச் சராசரி வயது 61.2, வீச்சு 34 முதல் 86 வரை. பேரனும் தாத்தாவும் ஒரே படியில் நிற்கலாம்! இதை மறைக்காமல் அச்சிட்டது அவர்களுடைய நேர்மை. ஆனால் அறிக்கை எழுதுகிறவர் சராசரியை எடுத்துக்கொண்டு வீச்சை விட்டுவிடுகிறார். செய்தி எழுதுகிறவர் அதையும் உருட்டி ‘சுமார் அறுபது’ ஆக்கிவிடுகிறார்.

இன்னொரு கோளாறு கண்ணுக்கு எளிதில் தெரியாது. 1982இல் பொக்கே-அப்பெல், மாசே என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைப் போட்டு உடைத்தார்கள். அட்டவணை எந்த மக்களிடமிருந்து செய்யப்பட்டதோ, அவர்களுடைய வயதுக் கலவையே விடையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஆண்களில் கொலையிலும் விபத்திலும் இறந்த இளைஞர்கள் அதிகம். தமிழகத்தின் கொந்தகை அகழாய்வில் ஈமத்தாழியிலிருந்து கிடைத்த எலும்புக்கு அந்த அட்டவணையை விரித்தால், விடையில் கொஞ்சம் லாஸ் ஏஞ்சலிஸ் கலந்துதான் வரும். டாட் சேர்த்த உடல்களில் பல, உரிமை கோர ஆளில்லாதவை. அவற்றின் பதிவேட்டில் வயது ஐந்து, பத்தின் மடங்குகளில் குவிந்திருக்கிறது. அளவுகோலே மதிப்பீடு என்றால் அளந்ததை என்ன சொல்வது?

2002க்குப் பிறகு பரவிய புதிய கணிதம் இதைச் சரிசெய்ய முயல்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எலும்பு எந்த வயதில் தாவக்கூடும் என்ற நிகழ்தகவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் தனி வீச்சைத் தருகிறது. ‘ஐம்பதுக்கு மேல்’ என்று முதியவர்களையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டாதது இதன் பெரிய லாபம். ஆனால் இதற்கும் இறப்பு வயதைப் பற்றிய ஒரு முன் அனுமானத்தை ஊட்ட வேண்டும். போல்ட்சனும் மில்னரும் உருவாக்கிய மென்பொருளில் அது பழைய எலும்புக்கு 17ஆம் நூற்றாண்டு டென்மார்க் கிராமங்களின் இறப்புப் பதிவு; தடயவியல் வழக்குக்கு 1996இன் அமெரிக்கக் கொலைக் கணக்கு. சார்பு ஒழியவில்லை, மேசைமேல் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவே பெரிய முன்னேற்றம் என்பேன்.

தடயவியலில் அகன்ற வீச்சு பெரிய நஷ்டமில்லை. காணாமல்போனோர் பட்டியலில் பொருந்தாதவர்களைக் கழிக்க அது போதும். மிச்சத்தைப் பல் சிகிச்சைப் பதிவும் டிஎன்ஏவும் பார்த்துக்கொள்ளும். தொல்லியலில் பெரும்பாலும் குறுக்கு விசாரணைக்குச் சாட்சி கிடையாது. கணித்த வயதே வரலாறாகிவிடும். அதன்மேல் சராசரி ஆயுள், பிரசவச் சாவு என்று அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டே போவார்கள். மேலே சொன்ன பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். 5 முதல் 14 வயதுக்குள் இறந்தவர்களை எண்ணி, இருபது தாண்டிய எல்லோரின் எண்ணிக்கையாலும் வகுப்பார்கள். அந்த விகிதத்தைக் கொண்டே ஒரு சமூகத்தின் பிறப்பு, இறப்பு நிலையை மதிப்பிடுவார்கள். இருபது தாண்டியவர் முப்பதா எழுபதா என்ற கேள்வியை அதில் கேட்பதே இல்லை.