கடைமடைக் காப்பி

காவிரியினின்று கிளைத்த அரசலாறு, வழிநெடுக வயல்களுக்கும் ஊர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, எஞ்சிய ஜலத்தோடு கடலில் சங்கமமாகும் காரைக்காலில், காப்பியின் ருசி கொட்டையில் பாதி, தண்ணீரில் பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது. பித்தளை பில்டரின் மேற்பாத்திரத்தில் பொடியை இட்டு, கொதித்துச் சற்றே அடங்கிய வெந்நீரை வட்டமாக ஊற்றி, மூடிவிட்டுப் பொறுமையோடு காத்திருந்தால், சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த டிகாக்ஷனில் பெரும்பகுதி ஜலமேயன்றி வேறல்ல. காப்பிப்பொடிக் கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்!

கடலோரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும்போது இந்த ரகசியம் வெளிப்பட்டுவிடும். கடின நீரிலுள்ள பைகார்பனேட் காப்பியின் இனிய புளிப்பை அடக்கிவிடுவதால் உயர்ந்த பீபரிக் கொட்டையின் காப்பியும் சப்பென்று ஆகிறது; அந்த நீரின் சுண்ணத்தால் துவரம்பருப்பும் வேகாமல் விறைத்து நிற்கிறது. குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் உத்தமம், வேறு வழியில்லாவிடில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்; நாக்கு அவ்வளவு தாராளமானதன்று.

ஆகவேதான் பழைய வீடுகளில் காப்பிக்கும் பருப்புக்கும் நல்ல தண்ணீரைத் தனிக் குடத்தில் மூடிவைத்து, பாத்திரம் துலக்கவும் கைகால் அலம்பவும் உப்புத் தண்ணீரையே புழங்கினார்கள். பில்டர் கழுவிய நீர் சக்கையோடு கொல்லை வாழைக்குப் போயிற்று. இதனினும் அழகான சிக்கனத்தை நான் கண்டதில்லை.

காரைக்காலை ஆண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துப் போனார்கள். ஆனால் அந்த நல்ல தண்ணீர்க் குடம் தன் மூலையை விட்டு அசையவில்லை. அவ்வூருக்குப் போகிறவர்கள், நல்ல தண்ணீரில் போட்ட காப்பிதானா என்று கூசாமல் கேட்டுப் பாருங்கள்.