குவாஹாட்டியிலிருந்து ஒரு யந்திர சங்கீதம்

கணக்கு மிகுந்த இடத்தில் ரசம் குன்றும் என்றும், யந்திரத்தைப் பொருளாகக் கொண்ட இசைக்கு யந்திரத்தின் ஜீவனற்ற தன்மையே வந்து சேரும் என்றும் சொல்வது இப்போது மெட்டல் ரசிகர்களிடையேகூட நாகரிகமாகிவிட்டது. ஒரு பக்கம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் சூழ, மறுபக்கம் ஆடி மாதமெல்லாம் கருமாரியம்மன் சந்நிதியில் பம்பையும் தவிலும் முழங்கும் திருவேற்காட்டில் இருந்துகொண்டு இந்த அபிப்பிராயத்தை ஏற்பது எனக்கு ஒருபோதும் இயலவில்லை. தனி வாசிக்கும் தவில் வித்துவான் மூன்றும் ஐந்தும் ஏழுமாகக் கணக்கைப் பின்னிக்கொண்டுபோய், கடைசித் தீர்மானத்தைப் பிசகாமல் சமத்தில் கொண்டுவந்து நிறுத்துகையில், ரசம் குன்றிற்று என்று எழுந்து போனவர் எவரும் இலர்.

மெட்டல் இசையின் பூர்வ சரித்திரத்தை வாசகர் அறிவர். பர்மிங்ஹாமில் தகட்டுப் பட்டறையொன்றில் வேலை பார்த்த பதினேழு வயது டோனி அயோமி வலக்கை விரல் இரண்டின் நுனிகளை யந்திரத்துக்குப் பறிகொடுத்து, பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த விரலுறைகளோடு தளர்ந்த கிட்டார்த் தந்திகளை மீட்டிய நாள்முதலே, ஆலைக்கும் இதற்கும் உறவு உண்டு. அலுமினிய ஆலைகள் நிறைந்த கியூபெக் பிரதேசத்தில் பிறந்த வாய்வோட் குழு 1987இல் 'கில்லிங் டெக்னாலஜி'யைத் தந்தது. 1990இல் நாக்டர்னஸ் குழு 'தி கீ'யில் காலத்தைக் கடந்து செல்லும் யந்திர மனிதனின் கதையைச் சொன்னது. 1995இல் சுவீடனின் மெஷுகா குழு, சிம்பல் நாலு நாலாக நடக்க, காலும் கிட்டாரும் வேறோர் எண்ணிக்கையில் ஓடிப் பல சுற்றுகளுக்குப் பின் கூடும் அந்த அற்புத முறையை நிலைநாட்டிற்று. ஆயின் பத்தாண்டு கழித்து 'கேட்ச் தர்ட்டித்ரீ'யில் டிரம்ஸையே கணினியிடம் ஒப்படைத்தது. அதை முன்னேற்றம் என்று போற்றுவோர் உண்டு. நான் போற்றவில்லை.

நம் நாட்டிலோ, 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்ததையும், 2009இல் ஓபெத் சென்னை ஐஐடியில் வாசித்ததையும் பேசிப் பேசி மகிழும் ரசிகர் கூட்டம், அதே காலத்தில் அஸ்ஸாமின் குவாஹாட்டியில் விஷால் ஜே. சிங் என்ற இளைஞர் 'அமோக் சிம்பனி' என்னும் பெயரில் செய்துவந்த காரியத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை. முதல் தொகுப்பாகிய 'அபாலிஷிங் தி அப்சலீட் சிஸ்டம்' என்பதில் தாளமும் அவர் கணினியில் அமைத்ததே. அதில் திகைப்பு உண்டு, மூச்சு இல்லை. 2010இல் வெளிவந்த 'தி குவாண்டம் ஹேக் கோட்' தொகுப்பில் அமெரிக்கரான ஜிம் ரிச்மன் டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தார். கணினி நிரலையும் ஊடுருவலையும் வருங்கால யந்திரங்களையும் பொருளாகக் கொண்ட, பெரும்பாலும் குரலற்ற இந்தத் தொகுப்பில்தான் தாளத்துக்கு மனிதக் கை கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். டபுள் பெடல் அசுர கதியில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கை சிம்பலின்மீது இளகி ஜாஸ் சாயலுக்குத் திரும்பும் இடங்களில், அடிக்கு அடி அழுத்தம் மாறுவது செவிக்குத் தெரிகிறது. கிட்டாரும் அந்த மாற்றத்தைக் கவனித்து விட்டுக்கொடுப்பதுபோல் சற்றே மெலிந்து, பின்னர் சீறி எழுகிறது. யந்திரத்தின் கதையைச் சொல்ல மனிதன் தன் தசையையும் மூச்சையும் எல்லைவரை செலுத்தும் இந்தப் பிரயத்தனமே தொகுப்பின் ஜீவன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கருத்து மனத்தில் பதியுமுன்பே மற்றொன்று வந்து அதை அழித்துவிடுகிறது; சில பகுதிகள் இன்னும் இரண்டு சுற்று நின்றிருந்தால் எவ்வளவோ சோபித்திருக்கும். 2014இல் வந்த அவருடைய 'வெக்டார்ஸ்கேன்' தொகுப்பு வேறு திக்கில் சென்றுவிட்டதால், இந்த வழி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. 2012இல் 'டெஸ்ஸலேஷன்ஸ்' தந்த சென்னையின் எஷர்ஸ் நாட் குழுவும் கணக்குக்கு அஞ்சாதவர்களே. அவர்களுக்குப் பின் வரும் நம் பிள்ளைகள், டிரம்ஸ் நிரலை வாங்குமுன் ஒரு வருஷமாவது தவில்காரர் ஒருவரிடம் சொற்கட்டு பயிலட்டும். அஸ்ஸாமியர் திறந்த வழியில் மேலே செல்லும் தகுதி, இத்தனை லய சம்பத்தை வைத்திருக்கும் தமிழருக்கே அதிகம் என்று நான் திடமாக நம்புகிறேன்.