குழுவும் தனிக்குரலும்: சாண்டி டென்னியின் முதல் தனி இசைத்தட்டு

குழுவினின்றும் பிரிந்த பாடகர் ஒருவரின் முதல் தனி இசைத்தட்டைத் திறனாய்வோர், பிரிவால் அவர் பெற்றது யாது, இழந்தது யாது என இரண்டனையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும். ஆங்கிலப் பாடகர் சாண்டி டென்னி (1947–1978) 1971இல் வெளியிட்ட 'தி நார்த் ஸ்டார் கிராஸ்மேன் அண்ட் தி ரேவன்ஸ்' இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு சான்றாகும்.

டென்னி 1968இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் குழுவிற் சேர்ந்தார். 1969ஆம் ஆண்டில் மட்டும் அவர் குரலைத் தாங்கிய அக்குழுவின் இசைத்தட்டுகள் மூன்று வெளிவந்தன. மூன்றாவதாகிய 'லீஜ் அண்ட் லீஃப்' பழைய கதைப்பாடல்களை மின்கிதாரோடு இயைத்தது. பின்னர்க் குழு செல்ல வேண்டிய நெறி பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆஷ்லி ஹட்சிங்ஸ் மரபுப் பாடல்களையே நாடினார். டென்னி தாம் இயற்றியவற்றைப் பாட விழைந்தார். இருவரும் விலகினர். டென்னி அமைத்த ஃபாதரிங்கே குழுவும் 1970இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, 1971இன் தொடக்கத்திற் கலைந்தது.

இவ்வரலாற்றை மட்டும் நோக்குவார், தனி இசைத்தட்டு மரபைத் துறந்தது என முடிவு கட்டுவர். அம்முடிபு பொருந்தாது என்பது எம் கருத்து. பதினொரு பாடல்களுள் எட்டு டென்னி இயற்றியவை. மரபுவழிப் பாடல் 'பிளாக்வாட்டர்சைடு' ஒன்றே. எனினும், மரபு பாடல்களின் அமைப்பினுள் உறைகின்றது. நிகழ்ச்சியின் காரணத்தைக் கூறாது விடுத்தலும், கடல், குளிர்காலம் முதலியவற்றாற் பிரிவையும் சாவையும் உணர்த்தலும் கதைப்பாடலின் இயல்புகள். தலைப்புப் பாடலிலும் 'லேட் நவம்பர்' என்பதிலும் இவற்றைக் காண்கின்றோம். ஊரறிந்த கதையைக் கூறப் பயன்பட்ட உத்தி, ஈண்டுத் தம் அகத்து நிகழ்ந்ததைக் கூறப் பயன்படுகின்றது. இதுவே அவர் பெற்ற பேறு.

இழப்பும் இதனுள்ளேயே அமைந்துள்ளது. 'நெக்ஸ்ட் டைம் அரவுண்ட்' என்பது ஜாக்சன் சி. பிராங்க் என்னும் பாடகரை எண்ணிப் பாடியது என்பர். ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வீடு கட்டியவன் பெயர் 'ஜாக்'; மகனைக் குறிக்கும் சொல் 'சன்'. இவ்விரண்டையும் விடுகதைபோல் இணைத்து அப்பெயரை மறைவாக உணர்த்துகின்றார். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியர் விலக்கியமையை இதனோடு ஒப்பிடுதல் தகும். இஃது ஒப்புமையேயன்றித் தொடர்பு கூறியதன்று. அகப்பாட்டில் பெயரின்மை அவ்வுணர்வை எல்லார்க்கும் உரியதாக்குகின்றது; விடுகதையோ விடையறிந்தார்க்கே முழுப்பொருளையும் தருகின்றது. குழுவிற் பாடியபோது கேட்போர்க்குப் பொதுவாயிருந்த பொருள், தனித்தபோது ஓரளவு தனியுடைமையாயிற்று.

அவ்வாறாயின் அப்பாடல் விடையறியாதார்க்குப் பயன்படாதோ எனின், பயன்படும் என்க. சொல் மறைத்த துயரத்தை, நெடிதாய் ஓடி மெல்லத் தாழும் குரல் வெளிப்படுத்துகின்றது. பொருள் விளங்காத இடத்தும் இழப்பு விளங்குகின்றது.

'லெட்ஸ் ஜம்ப் தி புரூம்ஸ்டிக்' என்னும் பழைய களியாட்டப் பாடல் ஒன்றே இத்தொகுதியுள் ஒட்டாது நிற்கின்றது. அது தோழர் சூழப் பாடும் மகிழ்ச்சிக்கு உரியது. இதன் தயாரிப்பில் ஜான் வுட்டோடு பங்கு கொண்ட ரிச்சர்ட் தாம்சன், பழைய ஃபேர்போர்ட் குழுவின் தோழரே என்பதும் கருதத்தக்கது. ஆதலின், டென்னி குழுவை நீங்கினாரேயன்றி, குழுவிற் கற்றதை நீங்கிலர் என்பது எம் துணிபு. மரபை எத்துணைப் பாடல்கள் மரபுவழி வந்தன என்னும் எண்ணிக்கையால் அளத்தல் கூடாது. புதிய பாடல் எவ்வாறு இயங்குகின்றது என்பதால் அளத்தலே முறை.