சமக்குறியும் ஏதுவும்

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில், பொருளின் இயக்க மாற்றம் அதன்மேற் செலுத்தப்பெற்ற விசைக்குத் தக்க அளவினது என்று சொல்லாற் கூறினார். 'செலுத்தப்பெற்ற' என்னும் அடையால் விசை ஏது, மாற்றம் பயன் என்பது விளங்கிற்று. பின்வந்தோர் அதனை 'விசை = பொருண்மை × முடுக்கம்' எனச் சமன்பாடாக்கினர். 1557-இல் ரெக்கார்டு வகுத்த சமக்குறியோ ஒரே நீளமுள்ள இரு கோடு, எப்பக்கத்தையும் முதன்மைப்படுத்தாது. முடுக்கம் அறிந்தார் விசையையும், விசை அறிந்தார் முடுக்கத்தையும் கணிப்பர்.

ஈர்ப்பால் இயங்கும் பொருள்களிடத்துக் காரணமுமில்லை, காரியமுமில்லை, வாய்பாடொன்றே உண்டு என்றும், காரணம் என்னும் சொல்லையே தத்துவ நூல் வழக்கினின்று விலக்கல் நன்றென்றும் பெர்ட்ரண்டு ரசல் 1912-இல் வாதித்தார். ஞாயிறும் கோளும் ஒருங்கே ஒன்றையொன்று ஈர்த்தலின் அவர் வாதம் வலியுடையது போலத் தோன்றும். அற்றன்று. ஞாயிற்றின் ஈர்ப்புக் கோளின் முடுக்கத்திற்கும், கோளின் ஈர்ப்பு ஞாயிற்றின் முடுக்கத்திற்கும் ஏதுவாம். ஏது இரண்டாதல் ஏது இன்மை ஆகாது.

அணிநூலார் ஏதுவைக் காரகம், ஞாபகம் எனப் பகுப்பர். புகை நெருப்பை அறிவிக்கும்; ஆக்காது. (இது தருக்கம் பயிலும் சிறாரும் அறிவர்.) சமன்பாடு தருவது ஞாபக ஏதுவே. காரக ஏதுவை அது கூறாமை பற்றி, அஃது இன்றென்றல் யாங்ஙனம் பொருந்தும்? ரசலே 1948-இல் வெளியிட்ட நூலில், விஞ்ஞான அனுமானத்திற்குக் 'காரண இழைகள்' வேண்டுமென உடன்பட்டார்.