பத்து சதவீத நிலம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் திருநின்றவூருக்கு அடுத்து வருவது வேப்பம்பட்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் காக்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் கடன் வாங்கி மனை வாங்கி, மெல்ல மெல்ல வீடு கட்டிக் குடியேறிய ஊர். இங்குள்ள ஏதாவதொரு மனைப்பிரிவின் வரைபடத்தை விரித்தால், ஒரு மூலையில் பச்சை பூசிய கட்டம் இருக்கும். அதில் ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும்தான். அந்தக் கட்டத்தை ஆள் வந்து உட்காரும் இடமாக ஆக்குகிற வேலையை இன்று பிளேஸ்மேக்கிங் என்கிறார்கள். அதற்கென்று படித்த திட்டமிடுநர்கள் இருக்கிறார்கள், கைநூல்கள் இருக்கின்றன, உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெருநகரங்களின் நடுத்தெருக்களில் பிறந்தவை. ரயில் நிலையத்தைச் சுற்றி வளரும் ஒரு ஊராட்சிக்கு அவை எவ்வளவு உதவும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் சட்டம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று புரோக்கர் முதல் ஊராட்சிச் செயலர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். அங்கீகாரம் இல்லாத மனைகளின் கதை வேறு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டியவருக்கு மனை உறுதியாயிற்று. ஆனால் கடைசித் துண்டு வரை விற்றுத் தீர்ந்த இடத்தில் பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வரும்? வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் இந்த இரண்டு வகை மனைப்பிரிவுகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றில் நிலம் இருக்கிறது, ஆள் இல்லை. மற்றதில் ஆள் இருக்கிறார்கள், நிலம் இல்லை.

நிலம் கிடைத்தும் ஆள் வராத நிலையை நியூயார்க் நம்மைவிட முன்னரே பார்த்துவிட்டது. 1961-ல் அந்நகரம், கட்டடத்தின் முன்னால் திறந்தவெளி விடுபவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு தருவதாக விதி செய்தது. திறந்தவெளிகள் பெருகின; பல வெறிச்சோடிக் கிடந்தன. வில்லியம் எச். வொயிட் என்ற பத்திரிகையாளர் 1970 வாக்கில் ஒரு சிறு குழுவோடு கேமராவை வைத்து, யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், எந்த வெயிலில், யாரோடு என்று பொறுமையாகப் பதிவு செய்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மனிதர் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. கேட்க எளிதாக இருந்தாலும் அவர் அதை அளந்து சொன்னார். பெண்களின் விகிதம் குறைந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதும் அவர் கண்டது. 1975-ல் விதி திருத்தப்பட்டது. எவ்வளவு இருக்கை வேண்டும் என்பதுவரை சட்டத்துக்குள் வந்தது. நம் ஓ.எஸ்.ஆர். விதி 1961-ன் கட்டத்திலேயே நிற்கிறது என்பது என் எண்ணம். எவ்வளவு பரப்பு என்று சதுர மீட்டர் கணக்கில் சொல்கிறது. அங்கே நிழல் உண்டா, கிழவி ஒருத்தி ஏறி உட்காரும் உயரத்தில் திண்டு உண்டா என்று கேட்பதில்லை.

முதலில் நின்று கவனிக்கும் வொயிட்டின் முறைக்கு நம் மண்ணில் இன்னும் பழைய வேர் உண்டு. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். உயிரியல் படித்தவர். ஊரை நோயாளிபோல் முதலில் பரிசோதிக்க வேண்டும், தெருத்தெருவாக நடக்க வேண்டும், கெட்டுப்போன பகுதியை மட்டும் தொட்டு மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. கெடிஸைப் படித்தவர்களுக்கு இது வலிக்காமல் இருக்காது.

அதே தியாகராய நகரில்தான் தமிழ்நாட்டின் பேர்பெற்ற பொதுவிட முயற்சியும் நடந்தது. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. பாண்டி பஜாரில் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்து, பிறகு பொலிவுறு நகரத் திட்டத்தில் நடைபாதையை அகலப்படுத்தி, 2019 நவம்பரில் திறந்தார்கள். ஒத்திகை பார்த்ததுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் நாற்காலியையும் கயிற்றையும் வைத்துச் சோதிக்கலாம்; தவறென்றால் மறுநாளே மாற்றலாம். ஆனால் அங்கே மாநகராட்சியின் துப்புரவுப் படை இருக்கிறது, கடைகளின் வருமானம் இருக்கிறது. ஊராட்சிக்கு இரண்டும் கிடையாது.

கண்ணகி நகர் இன்னொரு உதாரணம். 2000 முதல் சென்னை நகருக்குள்ளிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் வாழும் அந்த அடுக்குமாடிகளில் 2020-ல் பெரிய சுவரோவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியங்கள் அழகானவை. கண்ணகி நகர் என்றால் முகம் சுளித்தவர்கள் அவற்றைப் பார்க்க வந்தார்கள். அதைச் சிறிய விஷயமென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வேலை செய்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளப்பட்டவர்களின் பேருந்துச் செலவைச் சுவரோவியம் குறைக்காது. நிறம் பூசுவதே இந்தத் துறையின் முதல் வேலை என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேப்பம்பட்டில் முதல் வேலை தண்டவாளத்தில் இருக்கிறது. 2023 நவம்பரில் இங்கே தண்டவாளத்தைக் கடந்த தந்தையும் இரு மகள்களும் ரயில் மோதி இறந்தார்கள். மேம்பால வேலை பல ஆண்டுகளாக முடியாமல் நின்றிருந்த காலம் அது. ஊரை இரண்டாகப் பிளக்கும் கோட்டைப் பயமில்லாமல் கடக்க முடியாதவரை, ஒரு பக்கத்துப் பூங்கா மறுபக்கத்துக் குழந்தைக்கு இல்லை. திட்டமிடுநர் வரைபடத்தில் பூங்காவைக் குறிப்பதற்கு முன், பள்ளிக்கும் ஸ்டேஷனுக்கும் மக்கள் உண்மையில் நடக்கும் வழியைக் குறிக்க வேண்டும். டீக்கடை பெஞ்சு, ஷேர் ஆட்டோ நிறுத்தம், கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் திருப்பம் என்று ஜனம் தானாகக் கூடும் இடங்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன.

அடுத்தது, வராதவர்களைத் தேடுவது. நம் ஊர்களில் பொதுவிடத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை: மந்தை, சாவடி, களம், ஊருணிக்கரை. ஆனால் எல்லோரும் ஏறி உட்காரும் இடங்களாக அவை இருந்ததில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டதே 2008-ல்தான். பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அக்கம்பக்கமாக வாழும் புதிய மனைப்பிரிவில் பூங்கா நிலத்துக்குப் பழைய உரிமைக்காரர் யாரும் இல்லை. இது அரிய வாய்ப்பு. அங்கேயும் ‘இந்த நகர்வாசிகளுக்கு மட்டும்’ என்று ஒரு சங்கம் பலகை மாட்டினால் அந்த வாய்ப்பு போயிற்று. தானப் பத்திரம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறது. ஆகவே காலனிப் பிள்ளைக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளிலும் உழைக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கும் அங்கே அதே உரிமை உண்டு.

பெண்களைப் பற்றி, ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-ல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் சரியான இடத்தைத் தொட்டது: பெண் வெளியே நிற்க ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் நம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியே வந்தாயிற்று, இறங்கிய இடத்தில் காரணமில்லாமல் கால்மணி நேரம் உட்கார, சுத்தமான கழிப்பறையும் விளக்கும் உள்ள இடம் வேண்டாமா?

கடைசியாகச் சாவி. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளையும் தொட்டது. நூலகமும் விளையாட்டுத் திடலும் கட்டினார்கள். பல ஊர்களில் அந்த நூலகம் பூட்டியே கிடப்பதைப் பார்க்கிறோம். கட்டியவர்கள் குறையில்லாமல் கட்டினார்கள். தினம் திறப்பவருக்குச் சம்பளம் என்று போதுமான தொகை ஒதுக்கப்படவில்லை. இந்தத் துறையின் மேலைநாட்டுக் கைநூல்களில் இந்த அத்தியாயம் மெலிவாகவே இருக்கிறது, ஏனென்றால் அங்கே அதை நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அதைக் கிராம சபையில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. திட்டமிடுநர் அங்கே கொண்டுபோக வேண்டியது வண்ணப்படம் அல்ல. புல எண், தானப் பத்திர நகல், ஒரு வாரம் நின்று கணக்கெடுத்த தாள், ஒரு தீர்மான வரைவு. அந்த வரைவில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: விளக்குக்கான மின்கட்டணம் எந்தக் கணக்கில், கூட்டுகிற மகளிர் குழுவுக்கு மாதம் எவ்வளவு, இரவு ஷிப்ட் முடிந்து ரயிலிலிருந்து இறங்குபவர் வரும்வரை கதவு திறந்திருக்குமா.