பழைய புல்லட்டுக்கு எந்தப் பிஸ்டன் ரிங்?

வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட புல்லட் 350-க்கு சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. 1955-இல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் இந்த அளவு மாறவில்லை. அதனால் மிகப் பழைய வண்டிக்கும் ரிங் செட் தேடி அலைய வேண்டியதில்லை. குழப்பம் வாங்கும்போதுதான் வருகிறது. ரிங்கின் பொருள், முகம், தடிமன், ஓவர்சைஸ் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்; ஓவர்சைஸைத் தீர்மானிப்பது சிலிண்டரின் நிலைமை. போரை, அதாவது சிலிண்டரின் உள்துளையை, அளக்காமல் ரிங் வாங்குவது வீண் செலவு.

பிஸ்டனின் மேல் இரண்டு ரிங்குகள் வாயுவைத் தாங்குகின்றன. மூன்றாவது ரிங் சுவரில் மிஞ்சும் ஆயிலை வழித்து இறக்குகிறது. ரிங்கின் சொந்த விறைப்புதான் சுவரை அடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எரியும் வாயு, ரிங் உட்காரும் காடியின் பின்பக்கம் புகுந்து ரிங்கை வெளியே தள்ளுவதே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அழுத்தமும் அதிகம், ஆயிலும் குறைவு. போர் அங்கேதான் முதலில் தேயும்.

தேய்ந்தது ரிங்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கம்ப்ரெஷன் உள்ள புல்லட்டின் கிக்கரில் ஏறி நின்றால் சில நொடிகள் ஆளைத் தாங்கும்; போன இன்ஜினில் கிக்கர் உடனே அமிழ்ந்துவிடும். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அது தாங்கத் தொடங்கினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வைப் பார்க்க வேண்டும். பல நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் புகைத்துவிட்டுப் பிறகு தெளிந்தால், டேங்கிலிருந்து கிராங்க் கேஸுக்குள் வடிந்த ஆயில் எரிகிறது என்று பொருள். அதற்கு ரிங் மாற்றுவது வேண்டாத வேலை.

போரை மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகவும் டயல் போர் கேஜால் அளக்க வேண்டும். மேல் விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தால், ரீபோர் செய்யாமல் புது ரிங் போடக்கூடாது. பழைய ரிங் அந்தப் படிக்கேற்பத் தேய்ந்து உருண்டிருக்கும்; புது ரிங்கின் கூரிய முனை அதில் இடித்து உடைந்துபோகும். இந்தப் படியைத் தவிர்க்க மேல் ஓரம் வெட்டிய ரிங்குகளும் உண்டு. அவை தற்காலிகத் தீர்வு மட்டுமே.

ரீபோர் செய்த சிலிண்டருக்கு ஓவர்சைஸ் ரிங் வேண்டும்; இந்த விஷயத்தில் பட்டறைகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சரியான அளவு கைவசம் இல்லையென்றால் அடுத்த பெரிய ரிங்கை எடுத்து முனையை அரத்தால் ராவிப் போட்டுவிடுவார்கள். விட்டத்தில் கால் மி.மீ. வித்தியாசம் என்றால் முனையில் ஏறக்குறைய 0.8 மி.மீ. ராவ வேண்டியிருக்கும். அப்படி நெருக்கிய ரிங் வட்டமாக நிற்காது. அதைப் போருக்குள் வைத்து அடியில் டார்ச் அடித்தால், சுவரோரம் அங்கங்கே பிறை போல வெளிச்சம் ஒழுகுவது தெரியும்.

பொருள் என்று பார்த்தால், சாதா வார்ப்பிரும்பு ரிங்குக்கே முதல் இடம். வார்ப்பிரும்புப் போரில் சீக்கிரம் படிந்துவிடும். ஹோனிங், அதாவது போர்ச் சுவரில் போடும் நுண்கோடுகள், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்தாலும் போரை அதிகம் கெடுக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இதற்கு மேல் செலவழிப்பதில் பொருளில்லை. குரோம் ரிங் தூசியைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். தினமும் ஓடும் வண்டிக்கும் செம்மண் சாலைக்கும் அதுவே ஏற்றது. ஆனால் படிய நேரமெடுக்கும். ஹோனிங் தவறினால் படியாமலே போய் ஆயில் குடிக்கும். குரோம் பூசிய போரில் குரோம் ரிங் போடவே கூடாது, இரண்டும் ஒன்றையொன்று உரசிக் கிழித்துவிடும். மாலிப்டினம் நிரப்பிய ரிங்கின் முகம் நுண்துளைகளில் ஆயிலைப் பிடித்துவைக்கும், சூட்டிலும் சிராய்க்காது. வேகமாக ஓட்டும் இன்ஜினுக்கு அருமையானது. நிதானமாக ஓடும் புல்லட்டுக்கு ஆடம்பரம்.

தடிமன் ஏமாற்றக்கூடியது. பழைய பிரிட்டிஷ் பிஸ்டன்களில் காடிகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. 1/16 அங்குலக் காடி 1.59 மி.மீ. அகலம், அதில் 1.5 மி.மீ. ரிங்கும் உட்கார்ந்துவிடும், கண்ணுக்குச் சரியாகவே தெரியும். ஆனால் இடைவெளி 0.09 மி.மீ. ஆகிவிடுகிறது, 0.03 முதல் 0.075 வரைதான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் ரிங் காடிக்குள் தடதடத்து ஆயிலை மேலே ஏற்றும். அளக்கும் முன் காடியில் இறுகிய கரியை எடுக்க, உடைந்த பழைய ரிங் துண்டை விடச் சிறந்த கருவியில்லை.

இரண்டாவது ரிங் பெரும்பாலும் லேசாகச் சாய்ந்த முகம் கொண்டது. ‘டாப்’ என்று பொறித்த பக்கம் மேலே வர வேண்டும். திருப்பிப் போட்டால் வழிக்க வேண்டிய ஆயிலை மேலே ஏற்றிவிடும். ஆயில் ரிங்குக்குப் பின்னால் உள்ள துளைகள் அடைத்திருந்தால் எந்த ரிங்கும் பயன்படாது.

முனை இடைவெளிக்குப் பொதுக் கணக்கு: விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 70 மி.மீ. போருக்கு 11 தவ், ஏறக்குறைய 0.28 மி.மீ. ரிங்கைத் தலைகீழான பிஸ்டனால் தள்ளி நேராக உட்காரவைத்து, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். காற்றில் குளிரும் இன்ஜினில் கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டமில்லை. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். மூன்று முனைகளும் ஒரே வரிசையில் வராமல் 120 பாகையில் பரப்பிவைப்பது வழக்கம். ஓடும்போது ரிங் தானே சுழலும் என்பதால் இதில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

பொருத்தியபின் சாதாரண மினரல் 20W-50 ஆயில் போதும். சிந்தெடிக் ஆயிலில் ரிங் படிவது தாமதமாகும். ஸ்டார்ட் செய்து நெடுநேரம் ஐடிலில் விடுவது பெருந்தவறு. வாயு அழுத்தம் குறைவதால் ரிங் சுவரைக் கவ்வாமல், ஹோனிங் கோடுகள் கண்ணாடிபோல் மழுங்கிவிடும். மிதமான சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். வார்ப்பிரும்பு ரிங் சில நூறு கி.மீ.களில் படிந்துவிடும், குரோமுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும், அதில் இரும்புப் பொடி மிதக்கும்.