முரண்நகையைக் கற்பித்தல்: 'காஷிராம் கோத்வால்' நாடகத்தை முன்வைத்து

1. முன்னுரை

இலக்கிய வகுப்பில் உவமையை விளக்குவது எளிது. முரண்நகையை விளக்குவது கடினம். உவமையில் பொருளும் உவமையும் பெரும்பாலும் செய்யுளிலேயே அமைந்திருக்கும். முரண்நகையிலோ சொல்லப்பட்டது மட்டுமே பனுவலில் உள்ளது. கருதப்பட்டதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். அவ்வாறு உணரத் தவறும் மாணவர் பழிப்பைப் புகழாகவும் அங்கதத்தை வரலாறாகவும் கொள்வர். அவர்களுக்குச் சொற்பொருள் தெரியும், தொடரமைப்பும் தெரியும். ஆகவே இதனை மொழியறிவுக் குறைபாடு என்று மட்டும் கூறி அமைய இயலாது.

இச்சிக்கலை ஆராய்வதற்கு விஜய் டெண்டுல்கரின் (1928-2008) 'காஷிராம் கோத்வால்' என்னும் மராத்தி நாடகம் தக்க களமாகும். ஜப்பார் பட்டேலின் இயக்கத்தில் 1972 டிசம்பர் 16 அன்று இந்நாடகம் புணேயில் முதன்முதலாக மேடையேறியது. கதை புணேயைப் பற்றியது; பார்த்தவர்கள் புணே மக்கள்; மொழி அவர்களுடையது. ஆயினும் ஒரு சாரார் அதனை அதிகாரத்தைப் பற்றிய அங்கதமாகவும், மற்றொரு சாரார் பேஷ்வாக்களின் அமைச்சரான நானா பட்னவீஸின் மீது சுமத்தப்பட்ட அவதூறாகவும் கொண்டனர். முரண்நகையை 'எதிர்ப்பொருள்' என்று கற்பிப்பது போதாது என்பதையும், 'இது யாருடைய குரல்?' என்னும் வினாவே கற்பித்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அடிப்படையாதல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை இந்நாடகத்தின் வழி நிறுவ முயல்கிறது.

2. எதிர்ப்பொருள் விளக்கமும் அதன் எல்லையும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பை மறைத்துக் கூறுவது மற்றொன்று. பிற்காலத்தில் இம்மறைப்பின் ஒரு வகையே வஞ்சப்புகழ்ச்சி அணி என்னும் பெயரில் பாடநூல்களில் நிலைபெற்றது. புகழ்வது போலப் பழித்தலும் பழிப்பது போலப் புகழ்தலும் அதன் இலக்கணம். கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறளுக்கு (1073) இவ்விலக்கணம் நன்கு பொருந்துகிறது. இரு திறத்தாரும் தாம் விரும்பியவாறு நடப்பவர்கள் என்னும் காரணத்தைக் குறளே தந்துவிடுகிறது. படிப்பவர் மதிப்பீட்டைத் தலைகீழாக்கினால் போதுமானது.

ஆனால் இவ்வணிக்கு வழக்கமாகக் காட்டப்படும் மற்றொரு சான்றாகிய ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (95) இவ்விலக்கணத்துள் முழுமையாக அடங்குவதில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் அணிசெய்யப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் உள்ளன. அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. இக்கூற்றுகளில் எதுவும் பொய்யன்று; எதனையும் எதிர்மறையாக்கிப் பொருள் கொள்ள இயலாது. முரண்நகை கூற்றில் இல்லை. கூறும் சூழலில் உள்ளது. தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் நோக்கும் ஒருவனின் பார்வையைத் தூதுவர் தம் வாயால் எடுத்துக் கூறுகிறார். போர் காணாத படைக்கலமே பழுதின்றி இருக்கும் என்பதனை அறிந்த செவிக்கு அப்பெருமிதம் இகழ்ச்சியாகிறது.

இவ்வேறுபாடு மொழியியலிலும் விவாதிக்கப்பட்டதாகும். எச்.பி. கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில், பேசுவோர் வாய்மை நெறியை வெளிப்படையாக மீறித் தம் கூற்றுக்கு மாறான கருத்தை உணர்த்துவதாக முரண்நகையை விளக்கினார். டான் ஸ்பெர்பரும் டேர்ட்ரே வில்சனும் 1981இல் இதனை மறுத்தனர். முரண்நகையில் பேசுவோர் ஒரு கூற்றைத் தம் கருத்தாகப் பயன்படுத்துவதில்லை. பிறருடைய கூற்றையோ எண்ணத்தையோ எதிரொலித்து, அதன்பால் தமக்குள்ள விலகலைக் காட்டுகின்றனர் என்பது அவர்களின் கொள்கை. ஔவையாரின் பாடலுக்கு எதிர்ப்பொருள் விளக்கத்தை விட எதிரொலி விளக்கமே பொருந்துகிறது.

3. நாடகத்தில் எதிரொலிக்கும் குரல்கள்

கன்னோசியிலிருந்து பிழைப்புத் தேடிப் புணேக்கு வரும் காஷிராம், செய்யாத திருட்டுக்காக அவமதிக்கப்பட்டு நகரிலிருந்து துரத்தப்படுகிறான். பழிவாங்கும் வெறியில் தன் மகளை நானாவுக்கு இரையாக்கிக் கோத்வால் பதவியைப் பெறுகிறான்; நகரைக் கொடுமையால் ஆள்கிறான். மக்களின் சினம் எல்லை கடந்தபோது நானா அவனைக் கைவிட, மக்கள் அவனைக் கல்லால் அடித்துக் கொல்கின்றனர். 1791இல் புணேயில் கோத்வால் ஒருவர் இவ்வாறு கொல்லப்பட்ட நிகழ்ச்சியே கதையின் வித்து.

இக்கதைச் சுருக்கத்தில் முரண்நகை இல்லை. அது நாடகத்தின் வடிவத்தில் உள்ளது. மேடையில் வரிசையாக நிற்கும் பிராமணர் குழு ஆடிப் பாடும் மனிதச் சுவராக அமைகிறது. கணபதி வணக்கத்துடன் நாடகம் தொடங்குகிறது. இரவில் ஆடவர் பாவன்னகணி என்னும் பரத்தையர் பகுதிக்குச் செல்லும் காட்சியில் கீர்த்தனமும் லாவணியும் ஒன்றோடொன்று பின்னப்படுகின்றன. வதை நிகழும் இடங்களிலும் பக்திப் பாடலின் மெட்டு நிற்பதில்லை.

இப்பாடல்களுக்கு எதிர்ப்பொருள் காண முயலும் மாணவர் தடுமாறுவது உறுதி. இறைவன் பெயரைச் சொல்லும் தொடருக்கு எதிர்ப்பொருள் யாது? நாடகம் இறைவனைப் பழிக்கிறது என்னும் தவறான முடிவுக்கே அவ்வழி இட்டுச் செல்லும். நாடகம் எதிரொலிப்பது பக்தியை அன்று. தன் ஒழுக்கத்தில் ஐயமே இல்லாத ஒரு நகரம் தன்னைப் பற்றித் தானே பாடிக்கொள்ளும் குரலை. காஷிராம் இறந்தபின் தீமை ஒழிந்ததாக நானா அறிவித்து விழாக் கொண்டாடப் பணிக்கும் இறுதிக் காட்சியும் இத்தகையதே. அங்குள்ள சொற்கள் முறையான அரச ஆணையின் சொற்கள். அத்தீமையை உருவாக்கியவரே அவற்றைச் சொல்வதுதான் முரண்நகை. சொற்களை மட்டும் ஆராய்பவருக்கு அது புலப்படாது.

4. புரியாமையும் மறுப்பும்

நாடகத்திற்கு எழுந்த எதிர்ப்பினால் பத்தொன்பது காட்சிகளுக்குப் பின் புரோகிரசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன் அதனை நிறுத்தியது. அதனின்று விலகிய கலைஞர்கள் 1973இல் தியேட்டர் அகாதெமியைத் தொடங்கிப் பின்னர் நாடகத்தைத் தொடர்ந்து நடத்தினர். எதிர்த்தவர்களுக்கு அங்கதம் புரியவில்லை என்று கூறிவிடுவது எளிது. இது முழு உண்மையன்று. இதனை வரலாற்று நாடகமாகக் கருதக்கூடாது என்று ஆசிரியர் தெளிவுபடுத்தியிருந்தார். எனினும் நானா என்னும் இயற்பெயர் மேடையில் ஒலிக்கும்போது அது தன் சுட்டுப்பொருளை இழந்துவிடுவதில்லை. புணேயில் அப்பெயர் பெருமைக்குரிய நினைவு. எனவே எதிர்த்தோரில் சிலர் அங்கதத்தின் இலக்கைச் சரியாகவே உணர்ந்து, உணர்ந்த காரணத்தாலேயே மறுத்தனர் எனக் கொள்ள இடமுண்டு.

வகுப்பறையில் மூன்று நிலைகளை வேறுபடுத்த வேண்டும். முரண்நகை இருப்பதையே அறியாமை ஒன்று. இருப்பதை அறிந்தும் இலக்கைத் தவறாகக் கொள்ளுதல் மற்றொன்று. இலக்கை அறிந்து அதனை ஏற்க மறுத்தல் மூன்றாவது. முதல் இரண்டும் ஆசிரியர் திருத்தவேண்டியவை. மூன்றாவது ஒரு வாசகரின் தீர்ப்பு. அதனைப் பிழையெனக் குறிக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. இவ்வேறுபாட்டைப் பேணாத கற்பித்தல், ஆசிரியரின் சார்பை மாணவர் ஒப்புக்கொள்வதையே புரிதல் எனக் கொண்டுவிடும்.

5. மொழிபெயர்ப்பில் குரல்

ஜெயந்த் கார்வே, எலினோர் செல்லியட் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே மராத்தி அறியாத மாணவர் பலர் இந்நாடகத்தை அறிகின்றனர். எந்த மொழிபெயர்ப்பிலும் கூற்று வந்து சேரும்; ஆனால் மெட்டும் யாப்பும் கேட்டவுடன் எழுப்பும் பழக்கமான குரல் எளிதில் வந்து சேராது. எதிரொலியின் மூல ஒலியைக் கேளாதவருக்கு அது வெறும் ஒலியே.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு ஒரு வாய்ப்பும் ஓர் இடரும் உண்டு. மராட்டியர் ஆண்ட தஞ்சையின் வழி மராத்திக் கீர்த்தன மரபு தமிழ்க் கதாகாலட்சேபத்தில் கலந்தது. சாகி, திண்டி முதலிய மெட்டுகளைத் தமிழ்ப் பாகவதர்களும் கையாண்டனர். ஆகவே கீர்த்தனப் பகுதிகளுக்குக் காலட்சேப நடை இயல்பான இணையாகும். லாவணியின் நிலை வேறு. மராத்தியில் லாவணி பெரும்பாலும் சிருங்காரச் சுவையோடு நினைக்கப்படுவது. தஞ்சை வட்டாரத் தமிழில் அது எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து பாடும் வாதப் பாட்டு. 'லாவணி பாடுதல்' என்பது மாறி மாறிக் குறைகூறுவதைக் குறிக்கவும் வழங்குகிறது. பாவன்னகணிக் காட்சியில் அச்சொல்லை அப்படியே ஆண்டால் சொல் ஒன்றாக இருக்கும், குரல் மாறிவிடும். அங்கே சிருங்காரப் பதம் அல்லது ஜாவளியின் நடையே பக்திக் குரலோடு மோதும் ஆற்றல் உடையது.

6. கற்பித்தலுக்குரிய படிமுறை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைகளைப் பெறலாம். முதலாவதாக, எதிரொலிக்கப்படும் வகைமையை அதன் இயல்பான வடிவில் மாணவர் முன்னரே கேட்டிருக்க வேண்டும். நேரிய கீர்த்தனத்தைக் கேளாதவருக்கு அதன் திரிபு விளங்காது. இரண்டாவதாக, ஐயத்திற்குரிய கூற்றை எதிர்மறையாக்கி எழுதச் செய்யலாம். பொருந்தாத இடங்களில் அம்முறையின் எல்லையை மாணவரே உணர்வர். மூன்றாவதாக, இக்கூற்றை மெய்யாகவே நம்பிச் சொல்பவர் யார், யார் முன்னிலையில் சொல்வார் என்று வினவ வேண்டும். நான்காவதாக, பனுவலில் அதற்கான சான்றைச் சுட்டச் செய்ய வேண்டும். சான்றில்லாத முரண்நகை படிப்பவரின் விருப்பமாகவே முடியும். இறுதியாக, மாணவர் தம் உடன்பாட்டையோ மறுப்பையோ தனியே எழுத இடமளிக்க வேண்டும்.

தேர்வு வினாவும் இதற்கேற்ப மாறுதல் வேண்டும். 'இதில் பயின்றுவரும் அணி யாது?' என்னும் வினா பெயரறிவை மட்டுமே அளக்கிறது. புறநானூற்றுப் பாடலுக்கு வஞ்சப்புகழ்ச்சி என விடை எழுதும் மாணவர், அப்பாடலைத் தொண்டைமான் எவ்வாறு கேட்டிருப்பான் என்பதனைச் சிந்தித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

7. முடிவுரை

முரண்நகை ஒரு சொல்லணி மட்டுமன்று. பிறருடைய குரலை இனங்காணும் திறன் அதில் அடங்கியுள்ளது. எதிர்ப்பொருள் விளக்கம் தனிக்கூற்றுகளுக்கு உதவினாலும், முழுப் படைப்பும் எதிரொலியாக அமையும் 'காஷிராம் கோத்வால்' போன்றவற்றுக்கு உதவுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் கூற்றோடு குரலையும் பெயர்க்க வேண்டும். ஆசிரியர் பெயரோடு குரலையும் கற்பிக்க வேண்டும். அக்குரலைக் கேட்டறிந்த பின்னரே, அதனை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் தகுதி மாணவருக்கு வாய்க்கிறது.